நம்பிக்கை இடைவெளியா, நம்பக இடைவெளியா?

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஜிஎஸ்எம் கட்டர் தெரியாதவர் இல்லை. துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் ஒன்று வெட்டுப்பட்டு வரும். தராசு 1.80 கிராம் காட்டினால் ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, 180 கிராம். ஒரு லாட்டில் 16 வட்டம் வெட்டியதில் சராசரி 180, திட்ட விலக்கம் (அளவுகள் சராசரியைச் சுற்றிச் சிதறும் அளவு) 4 என்று வைத்துக்கொள்வோம். முழு லாட்டின் உண்மைச் சராசரி எங்கே இருக்கும் என்று கணக்குப் போட்டால் 177.9 முதல் 182.1 வரை. இதுதான் 95 விழுக்காட்டு 'கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்'.

வட்டங்களில் 95 விழுக்காடு இதற்குள் அடங்கும் என்பார் சிலர். சுத்தத் தப்பு, இந்தத் துணியில் 174-ம் வரும், 187-ம் வரும். 'லாட்டின் உண்மைச் சராசரி இதற்குள் இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு' என்பார் பலர். அதுவும் தப்புதான், ஆனால் லேசில் பிடிபடாத தப்பு.

நோம்பிக் கடையில் வளையம் எறிவோமே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். சோப்பு டப்பாதான் உண்மைச் சராசரி, வளையம்தான் நாம் போடும் இடைவெளி. டப்பா நகராது. வளையம்தான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வோர் இடத்தில் விழும். நூறு எறிந்தால் ஏறக்குறைய 95 டப்பாவைச் சுற்றி விழும் என்றால், அந்த 95 எறிகிற கைக்கு உரியது. விழுந்துவிட்ட வளையத்துக்குள் டப்பா இருக்கும், இல்லை இருக்காது. நம் கணக்கில் டப்பாமேல் போர்வை வேறு கிடக்கிறது. கையைத்தான் நம்ப வேண்டும். (வாய்ப்பை நம் நிச்சயத்தின் அளவாகக் கொள்ளும் பேயிசிய முறையில் வாய்ப்பு என்றே பேசலாம். அது வேறு கணக்கு.)

'கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்' என்ற சொல்லை 1934-ல் லண்டன் ராயல் புள்ளியியல் கழகத்தில் முன்வைத்தவர் போலந்துப் புள்ளியியலாளர் யெர்சி நெய்மன். கோட்பாட்டை 1937-ல் முழுதாக எழுதினார். 'கான்ஃபிடன்ஸ்' என்பதன் வேர், நம்புதல் என்று பொருள்படும் லத்தீன் 'ஃபிடெரே'. அந்த 1934 கூட்டத்திலேயே ஆங்கிலேயப் புள்ளியியலாளர் ஆர்தர் பௌலி, இது 'கான்ஃபிடன்ஸ் ட்ரிக்', அதாவது ஆளை ஏமாற்றும் வித்தையோ என்று அதே சொல்லை வைத்துக் கிண்டலடித்தார். நம்மூரிலும் 'நம்பிக்கை மோசடி' வழக்கு உண்டே!

'நம்பிக்கை இடைவெளி' என்ற மொழிபெயர்ப்பு எனக்கு ஒட்டவில்லை. பங்காளிகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோன மாதிரி ஒலிக்கிறது. அதைவிட, நம்பிக்கை ஆளின் மனசில் இருப்பது. நம்பகம் பொருளிலோ முறையிலோ இருப்பது. நெய்மன் சொன்னது முறையைப் பற்றி. ஆக 'நம்பக இடைவெளி' என்பதே பொருந்தும். இங்கே தமிழ் ஆங்கிலத்தைவிடத் தெளிவு. 'இடைவெளி'க்குப் பதில் 'வீச்சு' என்று மாற்றலாமா? முடியாது. பெரியதில் சிறியதைக் கழித்தால் வருவதற்குப் பள்ளிக்கூடக் கணக்கு அந்தப் பெயரை எப்போதோ கொடுத்துவிட்டது.