போன்மி: எமுலேட்டருக்குத் தமிழ்ச்சொல்

எமுலேட்டர் என்றதும் பழைய வீடியோ கேமைக் கம்ப்யூட்டரில் ஓட்டும் மென்பொருள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். தமிழில் அதற்குப் 'போன்மி' என்று ஒரு சொல் இருக்கிறது. சிலர் 'முன்மாதிரி' என்றும் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. முன்மாதிரி முன்னால் நிற்பது. எமுலேட்டரோ முன்பு இருந்ததைப் பார்த்துப் பின்னால் வருவது.

மூலச்சொல் லத்தீனின் 'ஏமுலஸ்', அதாவது போட்டியாளன். ஒருவருக்கு நிகராக வர முயல்வது என்ற பொருளில் ஆங்கிலத்துக்குப் போனது. கணினித் துறைக்கு வந்தது 1960களில். 1964-ல் ஐபிஎம் 'சிஸ்டம்/360' கணினி வரிசையை அறிவித்தபோது, 1401 போன்ற பழைய எந்திரங்களுக்கு எழுதிய நிரல்கள் வாடிக்கையாளர்களிடம் குவிந்து கிடந்தன. அவற்றைத் திருத்தி எழுதாமல் அப்படியே ஓட்ட, புதிய எந்திரத்துக்குள்ளேயே மைக்ரோகோடு, அதாவது செயலியை உள்ளிருந்து நடத்தும் அடிமட்ட நிரல், வைத்தார்கள். அதற்குத்தான் எமுலேஷன் என்று பெயர். வெறும் மென்பொருளால் செய்தால் அது சிமுலேஷன். இந்தப் பிரிவினை இன்று அப்படியே இல்லை.

இன்றைய வேறுபாட்டுக்கு உடற்பயிற்சிக் கருவிகள் நல்ல உதாரணம். 1980களில் வந்த 'லைஃப் ரோவர்' துடுப்புக் கருவியின் திரையில் உங்கள் படகும், உங்களோடு போட்டியிடும் இன்னொரு படகும் ஓடும். பழைய வீடியோவைப் பார்த்து அதேபோல் படகு வரைந்து ஓடவிட்டால் அது சிமுலேஷன், தமிழில் பாவனை. கருவியின் ரோம் சிப்பில் (நிரல் நிலையாகப் பதிந்திருக்கும் நினைவகம்) இருந்த நிரலையே எடுத்து, அது நம்பியிருந்த செயலி, நேரக்கணிப்பி, திரைச்சுற்று எல்லாவற்றின் வேலையையும் மென்பொருள் செய்துகொடுத்தால் அது எமுலேஷன். பாவனையில் படம் ஒத்துப்போனால் போதும். போன்மியில் அசலின் பிழைகூட அதே இடத்தில் வர வேண்டும்.

அந்த நிரலை எடுப்பதற்கே அவசரம் தேவை. புற ஊதாக்கதிரால் அழித்துத் திரும்ப எழுதக்கூடிய ரோம் வகைதான் ஈப்ரோம். அக்கால ஈப்ரோம் சிப்பின் நடுவில் சின்னக் கண்ணாடிச் சன்னல் இருக்கும். மேலே ஒரு ஸ்டிக்கர். அது உரிந்துபோனால் புற ஊதாக்கதிர் பட்டுத் தகவல் மெல்ல அழியும். ஸ்டிக்கர் இருந்தாலும் பல பத்தாண்டுகளில் மின்னூட்டம் கசியும். அதனால் ஒரே சிப்பைப் பலமுறை படித்து, ஒவ்வொரு முறையும் ஒரே தகவல்தான் வருகிறதா என்று சரிபார்ப்பார்கள்.

சரி, நிரல் கிடைத்துவிட்டது. ஓட்டினால் திரையில் படகு நகராது! சக்கரம் சுழல்வதை உணரி மின்துடிப்புகளாக அனுப்பினால்தான் ஆள் உட்கார்ந்து இழுக்கிறார் என்று நிரலுக்குத் தெரியும். பயிற்சி சைக்கிள்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. மேடு வரும்போது நிரல் பெடலின் இறுக்கத்தைக் கூட்டச் சொல்லும். சக்கரம் எவ்வளவு மெதுவாகும் என்பதைக் கணக்கிட்டுத் திருப்பி அனுப்பாவிட்டால் மேடு படத்தில் மட்டும்தான் இருக்கும். காலுக்கும் சக்கரத்துக்கும் ரோம் கிடையாது. அந்தப் பகுதி பாவனைதான். ஆக, போன்மியும் பாவனையும் ஒரே மென்பொருளுக்குள் சேர்ந்தே இருக்கின்றன. ஆர்கேட் விளையாட்டுகளை, அதாவது காசு போட்டு ஆடும் பழைய வீடியோ கேம் எந்திரங்களை, போன்மியாக்கிக் காக்க 1997-ல் தொடங்கிய 'மேம்' திட்டத்திலும் இயக்குபிடிகள், மோட்டார்கள் என்று வந்தால் இதே கதைதான்.

போன்மி என்ற சொல்லின் வேரைப் பார்த்தால், 'போல்' என்பதிலிருந்து வந்தது. செய்யுளில் 'போலும்' குறுகி 'போன்ம்' ஆகும். மகரக்குறுக்கத்துக்கு ('ம்' தன் ஒலி அளவில் குறைவது) இலக்கண நூல்கள் தரும் வழக்கமான உதாரணம் இது. அதோடு இகரம் சேர்ந்தால் போன்மி. ஆனால் லத்தீனில் இருந்த போட்டி இதில் இல்லை. நன்னூல் அடுக்கும் உவம உருபுகளில் 'உறழ' என்று ஒன்று உண்டு. உறழ்தல் என்றால் ஒத்தல், எதிர்த்து நிற்றல் இரண்டும். 'உறழி' என்று வைத்திருந்தால் கச்சிதமாக இருந்திருக்கும், படிப்பவருக்குத்தான் விளங்காது.

எனவே போன்மியே போதும். வினையாக்கும்போது மட்டும் 'போன்மிக்கிறது' என்று இழுக்க வேண்டாம். 'போன்மியில் ஓடுகிறது' என்று எழுதலாம்.