ஃபோர்வீல் விழவில்லையா? சுவிட்சை உடனே மாற்றாதீர்கள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி எஸ்டேட் டவுன்களில் ஃபோர்வீல் பிக்கப்பை யாரும் அழகுக்கு வாங்குவதில்லை. மாலை மழை கொட்டி ஓய்ந்த பிறகு செம்பனைக் காட்டுச் செம்மண் ரோட்டில் ஏற வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்து டேஷ்போர்டில் இருக்கும் ஃபோர்வீல் சுவிட்சைத் திருகினால் விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கும், முன்சக்கரத்துக்கு இழுவை போகாது, அதாவது ஃபோர்வீல் 'விழாது'. உடனே "சுவிட்ச் போச்சுண்ணே" என்று சொல்லி ஹாஃப்கட் கடையில் (பழைய வண்டிகளின் பாகங்களை விற்கும் கடை) பழைய சுவிட்சுக்கு விலை கேட்கப் போய்விடுகிறோம். பாதி நேரம் அது வீண்செலவு.

ஏன் என்றால் அந்தச் சுவிட்ச் எதையும் இழுப்பதில்லை, தள்ளுவதில்லை. அதன் வழியாக ஓடுவது மிகச் சிறிய மின்சாரம், அதாவது ஒரு தகவல் மட்டும். அதை வாங்கிக்கொள்வது ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி. வண்டி எந்த வேகத்தில் போகிறது, ஃபோர் லோ (மெதுவாக, அதிக இழுவையோடு நான்கு சக்கரமும் ஓடும் நிலை) கேட்டிருந்தால் கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டு, டிரான்ஸ்ஃபர் கேஸில் (எஞ்சின் இழுவையை முன்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பல் சக்கரப் பெட்டி) இருக்கும் சின்ன மோட்டாருக்கு அதுதான் கரண்ட் கொடுக்கிறது. (சில பழைய வண்டிகளில் மோட்டாருக்குப் பதில் வெக்குவம் குழாயும் சொலினாய்டு என்ற மின் வால்வும் இருக்கும், அங்கே ரப்பர் குழாய் வெடித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.) மோட்டார் சுற்றி முடித்ததும் ஒரு சென்சர் "விழுந்துவிட்டது" என்று திருப்பிச் சொன்னால்தான் மினுக்கல் நின்று விளக்கு நிலையாக எரியும். ஆக சுவிட்ச், பெட்டி, மோட்டார், சென்சர், இவற்றை இணைக்கும் வயர், ஃபியூஸ், எர்த் (கரண்ட் பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) என்று எங்கே அறுந்தாலும் டிரைவருக்குத் தெரிவது அதே மினுக்கல்தான்.

அதனால் முதலில் காதைத் தீட்டுங்கள். எஞ்சினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆன் செய்து, ஒருவர் சுவிட்சைத் திருக, இன்னொருவர் வண்டிக்குப் பக்கத்தில் குனிந்து கேட்கட்டும். அடியில் 'விர்ர்' என்று ஒரு சத்தம் வந்தால் சுவிட்ச் பிழைத்தது, கட்டளை போய்ச் சேர்ந்திருக்கிறது. சந்தேகம் இப்போது சென்சர் பக்கமோ பல் சக்கரம் பக்கமோ திரும்ப வேண்டும். பல வண்டிகளில் மோட்டார் ஒரு ஸ்பிரிங்கைத்தான் அழுத்தி வைக்கிறது. பல்லும் பல்லும் நேராக வரும்போது ஸ்பிரிங் தள்ளிவிடும். ஆகவே சில மீட்டர் உருட்டிய பிறகு விளக்கு நிலைத்தால் அது பழுதே இல்லை.

சத்தமே இல்லையா? ஃபியூஸ், ரிலே பாருங்கள். ஃபியூஸைக் கண்ணால் மட்டும் பார்க்காமல், அதன் தலையில் தெரியும் இரண்டு உலோகப் புள்ளிகளிலும் மீட்டரை வைத்துப் பாருங்கள். அடுத்து மோட்டார் சாக்கெட். இங்கே ஒரு நெளிவு உண்டு: திருகியதும் மோட்டாருக்குக் கரண்ட் ஓரிரு நொடிதான் வரும், அதனால் மீட்டரை வைத்த பிறகு திருகச் சொல்ல வேண்டும். ஃபோர் ஹைக்குப் (சாதாரண வேகத்தில் நான்கு சக்கரமும் ஓடும் நிலை) போகும்போது ப்ளஸ் 12 வோல்ட் காட்டினால் டூவுக்கு, அதாவது இரண்டு சக்கர ஓட்டத்துக்குத் திரும்பும்போது மைனஸ் 12 காட்டும், மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்ற வேண்டுமே. வோல்ட் முழுசாக வந்தும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டார்தான் குற்றவாளி.

வோல்ட் குறைவாக வந்தால்தான் விஷயம் சுவாரசியமாகிறது. பட்டறையில் பலர் உடனே மீட்டரை ஓம்ஸில் வைத்து வயரைச் சோதித்து, 'பீப்' கேட்டதும் வயர் நல்லது என்று விட்டுவிடுவார்கள். மீட்டர் அந்தச் சோதனைக்கு அனுப்புவது துளி மின்சாரம். இருபது இழையில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் அதற்குப் போதும். 1827ல் ஓம் எழுதி வைத்த கணக்கைப் போட்டுப் பாருங்கள்: துரு ஏறிய எர்த்தில் 0.5 ஓம் தடை இருக்கிறது என்றால், 0.02 ஆம்பியர் இழுக்கும் விளக்குக்கு இழப்பு 0.01 வோல்ட், யாருக்கும் தெரியாது. அதே எர்த் வழியாக மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால் 5 வோல்ட் அங்கேயே போய்விடும். விளக்கு ஜோராக எரிகிறது, மோட்டார் செத்துக் கிடக்கிறது, நாம் சுவிட்சைத் திட்டுகிறோம்.

சரியான சோதனை, மோட்டார் கரண்ட் இழுக்கும்போதே வோல்ட் இழப்பை அளப்பது. மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றைப் பெட்டியின் எர்த் வயரிலும் வைத்து, சுவிட்சைத் திருகச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி. இரண்டு, மூன்று என்று ஏறினால் அந்த எர்த் போல்ட்டைக் கழற்றித் தேய்க்க வேண்டியதுதான். ப்ளஸ் பக்கமும் இதே மாதிரி.

துரு எங்கிருந்து வருகிறது? செம்மண்ணைக் கழுவ பிரஷர் ஜெட்டை வண்டிக்கு அடியில் நேராகக் காட்டுகிறோம் இல்லையா, அந்தத் தண்ணீர் சாக்கெட்டுக்குள் ஏறுகிறது. ஈரத்தோடு 12 வோல்ட்டும் சேர்ந்தால் ப்ளஸ் பக்கத்துப் பின்னில் செம்பு கரைந்து பச்சையாகப் பூக்கும். துரு மட்டுமல்ல, வயரைக் கெடுக்க எலியும் உண்டு. செம்பனைப் பழத்துக்கு வரும் எலியைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் கூகைக்குப் பெட்டி கட்டி வைக்கிறார்கள், ஆனால் பொனட்டுக்குள் புகுந்து வயரைக் கடிக்கும் எலியைக் கூகை என்ன செய்யும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் அப்புறம் சுவிட்சைக் கழற்றுங்கள். உள்ளே வெள்ளிப் பூச்சுத் தொடுமுனைகள் கொலுசு கறுப்பது போலக் கறுத்திருக்கலாம். பெரிய கரண்ட் என்றால் அந்தக் கறுப்பை உடைத்துக்கொண்டு போகும், சின்னத் தகவல் கரண்டால் முடியாது. ஒவ்வொரு நிலையிலும் தடையை அளந்து, குமிழை லேசாக ஆட்டும்போது எண் தாவுகிறதா என்று பாருங்கள். சில சுவிட்சுகள் நிலைக்கு ஒரு தடை காட்டும்படியே செய்யப்பட்டவை, அதனால் பூஜ்ஜியம் வரவில்லை என்று பயப்படாமல் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். வயரில் ஊசி குத்தி அளக்காதீர்கள், அந்த ஓட்டையில்தான் அடுத்த துரு. மஞ்சள் சாக்கெட் ஏர்பேக்குக்கு உரியது, பக்கத்தில் போக வேண்டாம்.

இன்னொன்று. ஃபோர்வீல் விழுந்து, திரும்ப டூவுக்கு வரமாட்டேன் என்றால், காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் ஹையிலேயே ஓட்டி வந்தீர்களா என்று யோசியுங்கள். வளைவில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். இரண்டையும் கட்டிப்போட்டால் ஷாஃப்ட் முறுக்கேறிப் பல்லை இறுகப் பிடித்துக்கொள்ளும். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், பெரும்பாலும் 'டக்' என்று விட்டுவிடும்.