ஒரே காடு, ஒரே கொடிகள், வேறு வேறு சவால்: ஓரியன்டியரிங் தடம் உருவாகும் விதம்

ஓரியன்டியரிங் என்பது வரைபடமும் காம்பஸும் வைத்துக்கொண்டு, காட்டில் ஆங்காங்கே தொங்கும் கொடிகளை வரிசையாகக் கண்டுபிடித்து, குறைந்த நேரத்தில் முடிக்கும் விளையாட்டு. ஒருவர் போக வேண்டிய கொடிகளின் வரிசைதான் தடம். ஓரியன்டியரிங் கிளப் நடத்தும் ஒரு போட்டிக்குப் பத்து வயதுச் சிறுமியும் வருவாள், பல வருடமாகக் காட்டில் ஓடிப் பழகியவரும் வருவார். இருவர் கையிலும் அதே காட்டின் வரைபடம். மரங்களுக்கிடையே தொங்கும் ஆரஞ்சு-வெள்ளைக் கொடிகளில் சில இருவருக்கும் பொது. ஆனாலும் சிறுமி தைரியமாக நடந்து முடிக்கிறாள். அனுபவசாலியோ ஒவ்வொரு நிமிடமும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கிறது. தூரம் கூடுவதால் மட்டும் இது வருவதில்லை. ஒரு கொடியிலிருந்து அடுத்த கொடிக்குப் போவதற்குள் எத்தனை முடிவுகள் எடுக்க வேண்டும், எவ்வளவு நுணுக்கமாக எடுக்க வேண்டும் என்பதைத் தடம் அமைப்பவர் முன்பே யோசித்து வைத்திருக்கிறார். இந்த விளையாட்டில் நான் மிகவும் வியப்பது இந்தக் கலையைத்தான்.

முதலில் வரைபடம். காட்டுப் போட்டிகளில் பொதுவாக 1:15,000 அல்லது 1:10,000 அளவு. அதாவது தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 150 அல்லது 100 மீட்டர். முதல்முறை பார்ப்பவரைக் குழப்புவது வெள்ளை நிறம். அது வெற்றிடம் கிடையாது, தடையின்றி ஓடக்கூடிய காடு. மஞ்சள் திறந்தவெளி. பச்சை அடர்த்தியாக ஆக, புதரும் அடர்த்தி. பழுப்புக் கோடுகள் ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகள், பெரும்பாலும் 5 மீட்டர் உயர இடைவெளியில். வடக்குக் கோடுகள் காந்த வடக்கையே காட்டும்படி வரைந்திருப்பதால் காம்பஸ் முள்ளை நேராக அவற்றோடு பொருத்திவிடலாம். திருத்தக் கணக்கு எதுவும் போட வேண்டாம்.

புதியவருக்கான தடத்தில் கொடிகள் பாதைகளின் மேலேயே இருக்கும். பாதை பிரியும் இடத்தில் ஒரு கொடி, இடமா வலமா என்று ஒரே ஒரு முடிவு, அப்புறம் அடுத்த கொடி. தவறினாலும் கொஞ்ச தூரத்திலேயே தெரிந்துவிடும். அடுத்த நிலையில் கொடி பாதையை விட்டு விலகி, ஒரு பாறைக்குப் பின்னாலோ சிறு பள்ளத்திலோ இருக்கும். அதற்கு அருகே எளிதில் அடையாளம் தெரிகிற ஓர் இடம்வரை, சொல்லப்போனால் ஓர் ஓடை வளைவுவரை வேகமாகப் போய், அங்கிருந்து நிதானித்துத் தேட வேண்டும். தேர்ந்தவர்களின் தடத்தில் பாதையும் வேலியும் ஓடையும் கைகொடுக்காது. தரையின் மேடுபள்ளத்தைச் சம உயரக் கோடுகளோடு ஒப்பிட்டுக்கொண்டே போக வேண்டும். கொடியைத் தாண்டிவிட்டால் நிறுத்திச் சொல்லவும் அங்கே எதுவும் இருக்காது.

காம்பஸை மட்டும் நம்பினால் போதாதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். திசையில் 5 பாகை பிசகினால் 100 மீட்டருக்குச் சுமார் 9 மீட்டர் விலகுவோம். 400 மீட்டரில் அது 35 மீட்டர். அடர்ந்த காட்டில் அவ்வளவு விலகினால் கொடி கண்ணில் படாது. ஓடைமேல் இருக்கும் பாலத்தை நேராகக் குறிவைத்துப் போய், ஓடைக்கு வந்தும் பாலம் தெரியவில்லை என்றால் இடப்பக்கம் போவதா வலப்பக்கம் போவதா என்றே தெரியாது. அதனால் அனுபவசாலிகள் வேண்டுமென்றே பாலத்துக்கு இடப்பக்கமாகக் குறிவைப்பார்கள். ஓடையைத் தொட்டதும் யோசிக்காமல் வலது பக்கம் திரும்பலாம். பிழையை அழிக்க முடியாது, ஆனால் அது எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை நாமே முடிவு செய்துகொள்ளலாம்!

குன்று குறுக்கே வந்தால் ஏறுவதா, சுற்றுவதா? ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் 1892-இல் சொன்ன விதி இங்கே உதவும்: சமதளத்தில் 3 மைலுக்கு ஒரு மணி நேரம், 2,000 அடி ஏற்றத்துக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம். அதன்படி 1 மீட்டர் ஏற்றம் கிட்டத்தட்ட 8 மீட்டர் சமதள நடைக்குச் சமம். 25 மீட்டர் ஏறி இறங்குவதைவிட 150 மீட்டர் கூடுதலாகச் சுற்றுவது லாபம். தேர்ந்தவர்களுக்கான தடத்தில் இந்த இரண்டும் ஏறக்குறைய சமமாக வரும்படி கொடியை வைப்பதுதான் அமைப்பாளரின் சாமர்த்தியம்.

ஒரே தடத்தில் போகிறவர்களைச் சில நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராக அனுப்புவார்கள். அடுத்தவர் பின்னாலேயே ஓடி ஒப்பேற்ற முடியாது. பல கிளப்களில் விரலில் மாட்டிய மின்னணுச் சிப்பை ஒவ்வொரு கொடியிலும் உள்ள கருவியில் வைத்தால் நேரம் பதிவாகும். முடிவில் கிடைக்கும் சீட்டில் ஒவ்வொரு பகுதிக்கும் எடுத்த நேரம் தனித்தனியாக இருக்கும். அதை வரைபடத்தோடு வைத்துப் பார்த்தால், எந்தக் கொடிக்கு முன் தடுமாறினோம் என்பது பளிச்சென்று தெரியும். புதியவர்கள் அனுபவசாலியோடு உட்கார்ந்து இதைப் பேச வேண்டும். தனியாக ஓடிப் பழகுவதைவிட வேகமாகத் தேறுவார்கள்.

பாதியில் விட்டுவிட்டாலும் முடிவிடத்துக்கு வந்து சிப்பைக் காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். அந்தப் பதிவு இல்லையென்றால் நீங்கள் இன்னும் காட்டுக்குள் இருப்பதாகவே நினைத்து அமைப்பாளர்கள் தேடக் கிளம்பிவிடுவார்கள்.