பித்தக்கல்லிலிருந்து மருந்துப் பை வரை: கொலஸ்ட்ராலும் ஸ்டேட்டினும்

புக்கிட் மேராவில் சித்தப்பா வீட்டு மேசைமேல் மருந்துப் பை ஒன்று பிரிக்கப்படாமல் கிடந்தது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பை. அதன்மேல் ஒட்டிய வெள்ளைச் சீட்டில், சிம்வாஸ்டேட்டின் 20 மில்லிகிராம், இரவில் ஒரு மாத்திரை என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். “அதுதான் கரைந்துவிட்டதே, இனி எதற்கு?” என்றார். பலதுறை மருந்தகத்தில் எடுத்த இரண்டாவது இரத்தப் பரிசோதனையில் கெட்ட கொலஸ்ட்ரால் 4.1-லிருந்து 2.6-க்கு இறங்கியிருந்தது. கொழுப்பைக் கரைக்கத்தானே மாத்திரை? கரைந்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது.

அவரைக் குறை சொல்ல முடியாது. ‘கொழுப்பைக் கரைக்கிற மாத்திரை’ என்று முதல்முதலில் அவரிடம் சொன்னவன் நான்தான். சட்டென்று வாயில் வருகிற தமிழ் அது. அதில் ‘கொழுப்பு’ பாதி தவறு, ‘கரைக்கிற’ முழுத் தவறு என்பது அன்று வீடு திரும்புகையில் பஸ்ஸில்தான் உறைத்தது.

முதலில் கொழுப்பு. சிங்கப்பூரில் சுகாதாரத் துண்டுப்பிரசுரங்கள் நான்கு மொழிகளில் வருவதால், ஒரே பொருளுக்கு நான்கு மொழிகளும் என்ன பெயர் சூட்டுகின்றன என்று பக்கத்தில் பக்கம் வைத்துப் பார்க்கிற வசதி நமக்கு உண்டு. மலாயில் கொலெஸ்டெரோல், ஒலியை அப்படியே வாங்கிக்கொண்டார்கள். சீனத்தில் ‘தான் கூ சுன்’. சீன நண்பர் ஒருவர் காப்பிக்கடையில் துண்டுத்தாளின் பின்புறம் அந்த மூன்று எழுத்துகளையும் எழுதி ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்: தான் என்றால் பித்தப்பை, கூ என்றால் திடமானது, சுன் என்றால் ஆல்கஹால் வகை. நம் பக்கத்தில் சில இடங்களில் கொலஸ்ட்ரால், பல இடங்களில் வெறும் கொழுப்பு.

சீனர் செய்திருப்பது அச்சு அசலான மொழிபெயர்ப்பு. கிரேக்கத்தில் ‘கொலே’ என்றால் பித்தம், ‘ஸ்டெரியோஸ்’ என்றால் திண்மையானது. இந்தப் பொருளை 18-ஆம் நூற்றாண்டில் முதலில் கண்டெடுத்தது இரத்தத்தில் அன்று, பித்தக்கற்களில். பிரெஞ்சு வேதியியலர் செவ்ரோல் 1815-ஆம் ஆண்டு வாக்கில் அதற்குக் கொலெஸ்டெரின் என்று பெயரிட்டார். (அவர் 102 வயது வரை வாழ்ந்தவர், கொலஸ்ட்ராலுக்குப் பெயர் வைத்தவருக்கு நல்ல ஆயுள்.) 1859-இல் பெர்தலோ என்பவர் அது வேதியியல் கணக்கில் ஆல்கஹால் வகையைச் சேர்ந்தது என்று காட்டிய பின், பெயரின் வாலில் ‘ஆல்’ ஒட்டிக்கொண்டது. குடிக்கிற மதுவுக்கும் இதற்கும் தொடர்பில்லை. மூலக்கூற்றின் அமைப்பைக் குறிக்கிற வால் அது.

இந்தக் கிரேக்க வேர்களின் உறவினர்கள் ஏற்கெனவே நம் வீடுகளில் இருக்கிறார்கள். பாட்டுக் கேட்கிற ஸ்டீரியோவில் இருப்பது அதே ‘ஸ்டெரியோஸ்’. காலரா என்ற நோயின் பெயரிலும் பித்தந்தான் இருக்கிறது என்பார்கள். மனச்சோர்வைக் குறிக்கும் மெலன்கொலி என்ற சொல்லுக்குக் ‘கரும்பித்தம்’ என்பதே நேர்ப்பொருள். மனம் கலங்கினால் பித்தத்தின்மேல் பழிபோடும் வழக்கம் கிரேக்கருக்கு மட்டும் உரியதன்று. பித்தன், பித்துப் பிடித்தவன் என்று நாமும் அதையேதான் செய்துவந்திருக்கிறோம். ஆக, வேர் பார்த்துத் தமிழாக்கினால் கொலஸ்ட்ரால் என்பது ‘பித்தத் திண்மம்’. சொல்லிப் பாருங்கள். எனக்கு நாக்கில் ஒட்டவில்லை.

கொழுப்பு என்ற சொல்லின் கதை வேறு. கொழு என்ற வினை வளமையைச் சொல்வது. கொழுகொழுவென்ற குழந்தை, கொழுத்த லாபம் எல்லாம் அதன் மக்கள். கரிகால் வளவனைப் பாடிய பொருநராற்றுப்படையில் ‘காழின் சுட்ட கோழூன் கொழுங்குறை’ என்று ஒரு விருந்து வருகிறது. காழ் என்றால் கம்பி. கம்பியில் கோத்துச் சுட்ட கொழுத்த இறைச்சித் துண்டுகள். லாவ் பா சாட் உணவங்காடியில் மாலை ஏழு மணிக்குப் புகை சூழ விற்கிற சாத்தேயைப் பார்த்தால் எனக்கு இந்த வரிதான் நினைவுக்கு வரும். அந்த ‘கொழு’வில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை, நாவூறல்தான் இருக்கிறது. சித்த மருத்துவமும் உடற்கட்டுகள் ஏழில் ஒன்றாகவே கொழுப்பை எண்ணுகிறது. பின்னாளில்தான் சொல் திமிரின் பக்கம் சாய்ந்து, வாய்க்கொழுப்பு என்றாகிவிட்டது. சித்தப்பா முதல் பரிசோதனை முடிந்து வந்து “எனக்குக் கொழுப்பு அதிகமாம்” என்று அறிவித்தபோது, சித்தி அடுப்படியிலிருந்து தலையை நீட்டாமலே, “இதைச் சொல்ல ஊசி போட்டு இரத்தம் எடுக்க வேண்டுமா? நாற்பது வருடமாக எனக்குத் தெரியுமே” என்றார்.

சிரிப்பை விடுவோம். கொலஸ்ட்ராலைக் கொழுப்பு என்பதில் உள்ள உண்மையான இடைஞ்சல் சமையல் அலமாரியில் தெரியும். எண்ணெய்ப் புட்டியில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று போட்டிருக்கும். கொலஸ்ட்ரால் என்றால் கொழுப்பு என்று பழகியவர் அதைக் ‘கொழுப்பு இல்லை’ என்று படித்துவிடுகிறார். எண்ணெய் முழுவதுமே கொழுப்புத்தான். கொலஸ்ட்ரால் என்பது விலங்குணவில் வருகிற சரக்கு. தாவர எண்ணெய்களில் அது இல்லாதது ஒரு சிறப்பே இல்லை. நாசி லெமாக்கில் ஊற்றுகிற தேங்காய்ப்பாலிலும் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆனால் அதிலுள்ள நிறைவுற்ற கொழுப்பு, இரத்தத்தில் கெட்ட கொலஸ்ட்ராலை உயர்த்தும். கொழுப்பு வேறு, கொலஸ்ட்ரால் வேறு, ஒன்று மற்றொன்றை ஏற்றிவிடும். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைச் சொல்லவே முடியாது.

நல்லது, கெட்டது என்பதும் கொலஸ்ட்ராலின் குணமன்று. அது ஒரே பொருள்தான். அதை ஏற்றிச் செல்லும் வண்டிகள்தாம் வேறு. கெட்டது எனப்படும் அடர்த்தி குறைந்த கொழுப்புப் புரதம் ஈரலிலிருந்து உடம்பெங்கும் கொண்டுபோகிறது. மிகுந்துபோனால் இரத்தக்குழாய்ச் சுவரில் படிகிறது. நல்லது எனப்படும் அடர்த்தி மிகுந்தது, மிச்சத்தைப் பொறுக்கிக்கொண்டு ஈரலுக்குத் திரும்புகிறது. இந்த வகைப் பொருள்கள் அனைத்துக்கும் கலைச்சொல் அறிஞர்கள் கொழுமியம் என்ற பொதுப்பெயரைப் புழங்குகிறார்கள். நல்ல சொல், ஆனால் அது முழுக் குடும்பத்தின் பெயர். கொலஸ்ட்ரால் அந்த வீட்டில் ஒரு பிள்ளை.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் இருக்கும் பெரியப்பாவுக்கு மொத்தக் கொலஸ்ட்ரால் 190 என்று கேள்விப்பட்டு, “எனக்கு வெறும் 6.4தான்” என்று சித்தப்பா பெருமைப்பட்டார். தமிழ்நாட்டில் ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எழுதுகிறார்கள், இங்கே ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று. கொலஸ்ட்ராலைப் பொறுத்தவரை இங்குள்ள எண்ணை 38.67-ஆல் பெருக்கினால் அங்குள்ள எண் வரும். சித்தப்பாவின் 6.4 அங்கே ஏறத்தாழ 247. பெருமை அத்துடன் அடங்கியது.

இனி மாத்திரை. கொலஸ்ட்ராலில் பெரும்பகுதியை உடம்பே செய்துகொள்கிறது, அதில் ஈரலுக்கு முக்கியப் பங்கு. அந்தத் தயாரிப்பில் ஒரு கட்டத்தில் ஒரு நொதி வேலை செய்தாக வேண்டும். அந்த நொதியின் கையைப் பிடித்துக்கொள்வதுதான் ஸ்டேட்டின், சித்தப்பாவின் சிம்வாஸ்டேட்டின் சேர்ந்த மருந்துக் குடும்பம். சொந்தத் தயாரிப்புக் குறைந்ததும், ஈரல் தன் செல்களின்மேல் கூடுதலான வாங்கிகளை நீட்டி, இரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்த வாங்கிகளைக் கண்டறிந்த பிரவுன், கோல்ட்ஸ்டைன் இருவரும் 1985-இல் நோபெல் பரிசு பெற்றார்கள். இதில் எங்கேயாவது கரைப்பது வருகிறதா? சீயக்காய் போட்டு எண்ணெய் போக்குவதுபோல் எதுவும் நடப்பதில்லை. மாத்திரையை நிறுத்தினால் நொதியின் கை விடுபடுகிறது, தயாரிப்புப் பழைய வேகத்துக்குத் திரும்புகிறது, சில வாரங்களில் எண் மறுபடி ஏறுகிறது.

பெயரின் வேரே இதைச் சொல்கிறது. ‘ஸ்டா’ என்பது நிற்றலையும் நிறுத்தலையும் குறிக்கிற மிகப் பழைய வேர். ஸ்தானம், ஸ்தாபனம் என்ற வடசொற்களில் வருவதும் அதன் உடன்பிறப்பே. குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும் தெர்மோஸ்டாட்டிலும் அதுவே. தெர்மோஸ்டாட் ஒருமுறை குளிர வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவதில்லை, இருக்கும்வரைதான் குளிர். ஆனால் பெயர் ‘ஸ்டேட்டின்’ என்று முடிகிற மருந்தெல்லாம் இந்தக் குடும்பம் இல்லை. பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் நிஸ்டேட்டின், அது கண்டுபிடிக்கப்பட்ட நியூயார்க் மாநிலத்தின் பெயரைச் சுமப்பது. கொலஸ்ட்ரால் மருந்துகளின் பன்னாட்டுப் பொதுப்பெயர்களில் வால் ‘வாஸ்டேட்டின்’ என்றிருக்கும்: சிம்வாஸ்டேட்டின், அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின்.

இந்த மருந்தின் பிறப்பு அரிசியில். ஜப்பானியரான அகிரா எண்டோ ஆறாயிரம் வகைப் பூஞ்சணங்களை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போய், கியோத்தோ நகரத்துத் தானியக் கடை அரிசியிலிருந்து எடுத்த நீலப்பச்சைப் பூஞ்சணத்தில் 1973-இல் முதல் ஸ்டேட்டினைப் பிடித்தார். பூஞ்சணம் பூத்தால் நாம் கொட்டிவிடுகிற அதே அரிசி. அந்த முதல் மருந்து கடைக்கு வரவில்லை. வேறொரு பூஞ்சணத்திலிருந்து கிடைத்த லோவாஸ்டேட்டின் 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எண்டோ 2024-இல் தம் 90-ஆம் வயதில் காலமானார். இன்னொரு வியப்பு: ஃபூச்சாவ் சீனரின் சமையலில் கோழிக்கும் மீ சுவா நூடல்ஸுக்கும் சிவப்பேற்றுகிற செந்நொதி அரிசியில் இயல்பாகவே உண்டாகும் ஒரு பொருளும் லோவாஸ்டேட்டினும் வேதியியலில் ஒன்றே. அதற்காக மாத்திரைக்குப் பதில் அதைத் தின்ன வேண்டாம். அதில் எவ்வளவு இருக்கும் என்பதற்கு நிலையான அளவே கிடையாது.

அளவு என்றதும் மாத்திரை என்ற சொல்லையும் தொட வேண்டியிருக்கிறது. ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்பது தொல்காப்பியம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் ஒப்பித்தோமே, அந்த மாத்திரைதான் இதுவும். வடமொழி ‘மாத்ரா’வின் வழியில் அளவு என்று பொருள், அளந்து உருட்டிய மருந்து என்பதால் மாத்திரை. மருந்துக்கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுக்க முடியாமல், மருத்துவரின் மருந்துச்சீட்டுக்குப் பின்னரே ஸ்டேட்டினைத் தருவதும் அந்த அளவைப் பற்றிய கவலையால்தான். ஒருவருக்கு எவ்வளவு என்பதை அவருடைய வயது, மற்ற நோய்கள், உட்கொள்ளும் வேறு மருந்துகள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன. தசைவலி தோன்றினால் தாமாக நிறுத்தாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். சிறுநீர் கறுத்தால் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது. கிரேப்ஃபுரூட் சில ஸ்டேட்டின்களை இரத்தத்தில் அளவுமீறி ஏற்றிவிடும். அந்தப் பழத்தின் தாய்மரம் நம் பம்பளிமாஸ் என்பதால், சீனப் புத்தாண்டுக்கு அண்டை வீட்டார் கொடுக்கிற பழத்தை உரிக்குமுன் மருந்தாளரை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பம்பளிமாஸ் என்ற சொல்லை டச்சுக்காரர்களும் ஏறத்தாழ அப்படியே உச்சரிக்கிறார்கள். அதை விரித்தால் இன்னொரு கட்டுரையாகிவிடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? என் தீர்ப்பு இது. கொலஸ்ட்ராலைக் கொலஸ்ட்ரால் என்றே எழுதலாம். மலாய்க்காரர் வெட்கப்படவில்லை, நாமும் பட வேண்டியதில்லை. பரிசோதனை மொத்தத்தையும் குறிக்க ‘இரத்தக் கொழுப்புப் பரிசோதனை’ பொருந்தும், அங்கே கொழுப்பு தன் இடத்தில் இருக்கிறது. ஸ்டேட்டின் என்ற பெயரையும் மாற்ற வேண்டாம். சீனரே அந்த இடத்தில் பொருளை விட்டுவிட்டு ‘தா திங்’ என்று ஒலியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். விளக்கம் வேண்டுகிற இடத்தில் ‘கொலஸ்ட்ராலை மட்டுப்படுத்தும் மருந்து’ என்பேன். வேரைப் பிடித்து ‘நிறுத்தி’ என்று ஒரு சொல் கட்டிப் பார்த்தேன். நிறுத்தி மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று எழுத வேண்டிவரும் என்பதால் கைவிட்டேன். மட்டு என்பதற்கு எல்லை, அளவு என்று பொருள். மாத்திரைக்கும் அளவுதான் பொருள். இரண்டும் ஒரே தராசில் நிற்கின்றன. மட்டுப்படுத்துவது என்றால் தொடர்ந்து செய்வது என்பது தமிழ்க் காதுக்குச் சொல்லாமலே விளங்கும்.

இதையெல்லாம் சித்தப்பாவிடம் விரிவாகச் சொன்னேன். கரையவில்லை, மட்டுப்பட்டிருக்கிறது என்றதும் கொஞ்ச நேரம் பையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அன்று இரவே மறுபடி தொடங்கிவிட்டார். ஆனால் அந்த வீட்டில் ஸ்டேட்டின் என்ற பெயரும் நிலைக்கவில்லை, என் ‘மட்டுப்படுத்தும் மருந்து’ம் எடுபடவில்லை. ஈரலின் கொலஸ்ட்ரால் தயாரிப்பு இரவில் மும்முரம் என்பதாலும், சிம்வாஸ்டேட்டின் உடம்பில் நெடுநேரம் தங்காது என்பதாலும் அதை இரவில் கொடுப்பது வழக்கம். சித்தி அதற்கு ‘ராத்திரி மாத்திரை’ என்று பெயர் வைத்துவிட்டார். சென்ற மாதம் மருத்துவர் மருந்தை மாற்றி ரோசுவாஸ்டேட்டின் எழுதிக்கொடுத்தார். அதை எந்த வேளையிலும் சாப்பிடலாம் என்பதால் சித்தப்பா காலையில் பசியாறியதும் போட்டுக்கொள்கிறார். நேற்றுக் காலை எட்டரை மணிக்கு நான் அங்கே இருந்தேன். காப்பிக் குவளையையும் ஒரு தம்ளர் தண்ணீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சித்தி கேட்டார்: “ராத்திரி மாத்திரையைப் போட்டுவிட்டீர்களா?”