தொகைசார் பண்புகள்: கொலிகேட்டிவ்னா என்ன, அதுல "தொகை" எங்கேந்து வந்துச்சு

பாறசாலை பக்கம் ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளைங்க "கொலிகேட்டிவ் ப்ராப்பர்ட்டீஸ்"னு சொல்லும், களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் தமிழ் மீடியத்துல படிக்கிறது "தொகைசார் பண்புகள்"னு சொல்லும், ரெண்டும் ஒண்ணுதான். ஆனா தொகைன்னதும் நம்மாளுக்கு ரூபாதான் ஞாபகம் வரும், சீட்டுத்தொகை, வட்டித்தொகை. அதனால பிள்ளைங்க அர்த்தம் புரியாமலே மனப்பாடம் பண்ணிட்டு போயிருது.

விஷயம் சிம்பிள். ஆவியாகாத ஒரு பொருளை தண்ணில கரைச்சா நாலு காரியம் நடக்கும்: ஆவியழுத்தம் குறையும், கொதிநிலை ஏறும், உறைநிலை இறங்கும், சவ்வூடு பரவல் அழுத்தம் (தண்ணியை மட்டும் விடுற மெல்லிய சவ்வு வழியா தண்ணி கரைசலுக்குள்ள வர்றதைத் தடுக்கத் தேவையான அழுத்தம்) வரும். இந்த நாலும் நீ கரைச்சது சர்க்கரையா யூரியாவான்னு பாக்காது, எத்தன துகள் உள்ள கிடக்குன்னு எண்ணிக்கை மட்டும்தான் பாக்கும்.

கொலிகேட்டிவ்னு பேரை வச்சவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட்ங்கிற வேதியியலாளர், 1891ல. லத்தீன்ல "சேத்துக் கட்டினது"ன்னு அர்த்தம் வர்ற சொல்லுலேர்ந்து எடுத்தார். பண்புகளை அவர் மூணா பிரிச்சார், ஒண்ணு சும்மா கூட்டிக்கிட்டே போலாம், நிறை மாதிரி, இன்னொண்ணு மூலக்கூறோட அமைப்பைப் பொறுத்தது, மூணாவதுதான் இது. அதுக்கு முன்னாடியே ரவூல்ட் 1880கள்ல உறைநிலையையும் ஆவியழுத்தத்தையும் அளந்து அளந்து விதியே எழுதி வச்சிட்டார், வான்ட் ஹாஃப் சவ்வூடு பரவல் அழுத்தத்தை கணக்குல கொண்டுவந்தார் (வேதியியலுக்கான முதல் நோபல் 1901ல இவருக்குத்தான்).

இப்ப தமிழ் சொல்லுக்கு வருவோம். லத்தீன் சொல்லுல கட்டுறது மட்டும்தான் இருக்கு, எண்ணிக்கை இல்ல. தமிழ்ல "தொகு"ன்னா சேக்கிறது, எட்டுத்தொகைல வர்ற தொகை அதுதான், ஆனா மக்கள்தொகைன்னா எண்ணிக்கை. சேத்ததும் எண்ணினதும் ஒரே சொல்லுல வந்துருது. என்னைக் கேட்டா இந்த இடத்துல மூலத்தை விட நம்ம சொல் ஒரு படி மேல, இதை யார் உருவாக்கியிருந்தாலும் நல்லா யோசிச்சிருக்காங்க. பாடபுத்தக கலைச்சொல் எல்லாத்துக்கும் நான் இப்படி சர்டிபிகேட் குடுக்க மாட்டேன்.

எண்ணிக்கைன்னா எப்படின்னா, ஊர்ல அம்மன் கொடைக்கு தலைக்கட்டு வரி பிரிக்கிற மாதிரி. ஆள் குண்டா ஒல்லியா, வீடு பெருசா சின்னதான்னு கிடையாது, ஒரு தலைக்கட்டுக்கு ஒரு வரி. அதுவரை ஒரே குடும்பமா இருந்த அண்ணன் தம்பி தனிக்குடித்தனம் போயிட்டா ரெண்டு வரி. உப்பு செய்யறது அதான், தண்ணில விழுந்ததும் சோடியம் தனி குளோரைடு தனின்னு பிரிஞ்சிரும். மோல்னா துகளை எண்ணுற அளவு, டஜன் மாதிரி, எந்தப் பொருளா இருந்தாலும் ஒரு மோல்னா ஒரே எண்ணிக்கைதான். ஒரு கிலோ தண்ணில 342 கிராம் சர்க்கரை, அதாவது ஒரு மோல், போட்டா உறைநிலை 1.86 டிகிரி இறங்கணும், ஒரு மோல் உப்பு வெறும் 58.5 கிராம்தான், ஆனா கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு இறக்கிடும். உப்பு ஏன் இப்படி கூடுதலா காட்டுதுன்னு குழம்பினதுக்கு 1887ல அர்ரீனியஸ் சொன்ன பதில்தான் அயனியா பிரியுதுங்கிறது.

ஆஸ்பத்திரில ஏத்துற பாட்டிலையும் பாருங்க. சேலைன் பாட்டில்ல 0.9 சதவீதம், லிட்டருக்கு 9 கிராம் உப்பு. டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில்ல 5 சதவீதம், லிட்டருக்கு 50 கிராம். எடைல எங்கயோ இருக்கு, ஆனா துகள் கணக்கு போட்டா உப்புல 0.31 மோல், டெக்ஸ்ட்ரோஸ்ல 0.28 மோல், ரெண்டும் ரத்தத்தோட கிட்டத்தட்ட சமம், அதனாலதான் ரத்த அணு வீங்கி வெடிக்காம சுருங்காம தப்பிக்குது.

கொதிநிலை ஏற்றம் பாக்கணும்னா நம்ம ஊர்ல கருப்பட்டி காய்ச்சுற இடத்துக்கு போனா போதும். அக்கானில, வெளியூர்க்காரங்க பதநீர்னு சொல்றதுல, சர்க்கரை 12 சதவீதம்னு வச்சிக்கிட்டா கொதிநிலை 0.2 டிகிரிதான் கூடும், கைல தெர்மாமீட்டர் இருந்தாலும் சட்டுனு தெரியாது. தண்ணி வத்த வத்தத்தான் ஆட்டம். சர்க்கரை 85 சதவீதம் ஆனா கரைசல் 113, 115 டிகிரிகிட்ட கொதிக்கும், ஆனா ஒரு கிலோ தண்ணில ஒரு மோலுக்கு அரை டிகிரி சொச்சம்ங்கிற ஃபார்முலால போட்டா எட்டரை டிகிரிதான் ஏறணும். என்னாச்சுன்னா அந்த ஃபார்முலா நீர்த்த கரைசலுக்கு மட்டும்தான், அவ்வளவு கெட்டியானப்புறம் துகளோட குணமும் உள்ள வந்துரும், வெறும் தலையெண்ணிக்கை பத்தாது. காய்ச்சுறவங்க இதையெல்லாம் பாக்காம ஒரு சொட்டு பச்சைத்தண்ணில விட்டு உருட்டிப் பாத்து பதம் சொல்லிட்டு சிரட்டைல ஊத்திருவாங்க.

ஏன் ஏறுதுன்னு கேட்டா வெப்ப இயக்கவியலுக்குத்தான் போகணும். முதல் விதி அடுப்புல எரிச்ச சூடு எங்கெல்லாம் போச்சுன்னு வரவு செலவு மட்டும் பாக்கும், எந்தப் பக்கம் நடக்கும்னு சொல்றது ரெண்டாம் விதி, மொத்த என்ட்ரோபி, அதாவது துகள் எத்தன விதமா கலைஞ்சு பரவிக் கிடக்கலாம்ங்கிற அளவு, குறையாதுன்னு. தண்ணி ஆவியாகிறதுக்கு ஒரு காரணம் ஆவில பரவ இடம் ஜாஸ்தி, என்ட்ரோபி கூடும். சர்க்கரை கலந்ததும் திரவத்துலயே என்ட்ரோபி ஏறிருதா, அப்புறம் வெளிய ஓடுற அவசரம் குறையும், அதை ஓட வைக்க இன்னும் சூடாக்கணும். ஐஸ் ஆகறதுக்கும் இதே கதைதான், கலந்து கிடக்கிற தண்ணியை சுத்தமான ஐஸா பிரிச்செடுக்க இன்னும் குளிராக்கணும். கடல் தண்ணி உறைய மைனஸ் 1.8 டிகிரி கிட்ட வேணும்ங்கிறது அதனாலதான்.

நாலுல பவர் எதுக்குன்னா சவ்வூடு பரவலுக்குத்தான். லிட்டருக்கு ஒரு மோல் இருந்தா 25 டிகிரில 24 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல காட்டும், அதே கரைசல்ல கொதிநிலை அரை டிகிரிதான் நகரும். புரோட்டீன் மாதிரி பெரிய மூலக்கூறோட மோலார் நிறை கண்டுபிடிக்க அதைத்தான் எடுக்கிறாங்க, எடை நிறைய போட்டாலும் துகள் எண்ணிக்கை கொஞ்சம்தான் இருக்கும், உறைநிலையை அளக்கப்போனா மாற்றமே கண்ணுக்கு தெரியாது.