பூச்சி உடைந்தால் ஒட்டலாம், சீட்டு போனால் போனதுதான்

போன வருடம் ஒருவர், பூச்சிகளைச் சேகரித்துப் பாதுகாக்கும் எங்கள் பூச்சிப் பிரிவுக்கு ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்தார். அவருடைய அப்பா நாற்பது வருடமாகச் சேர்த்தது. கண்ணாடி மூடியைத் திறந்தால் வண்ணத்துப்பூச்சி, பொன்வண்டு, தும்பி எல்லாம் அளவு பார்த்து வரிசைகட்டி இருக்கின்றன, ஒரு உணர்கொம்புகூட முறியவில்லை. அப்புறம் குனிந்து ஊசிகளின் அடியில் பார்த்தேன். எதிலும் சீட்டு இல்லை. கேட்டதற்கு, "எல்லாம் பழுத்துப்போன தாள் சார், பார்க்க நன்றாக இல்லை, நானும் பிள்ளைகளும் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உருவிவிட்டு அழகாக அடுக்கினோம்" என்றார். அப்பா மேல் இருந்த ஆசையில் செய்த வேலை அது. அவரிடம் எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன்.

நாங்கள் சீட்டு என்று சொல்வது ஒரு சின்னத் தாள்தான், கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது. பூச்சியைக் குத்திய அதே ஊசியில், பூச்சிக்குக் கீழே செருகியிருக்கும். எந்த இடத்தில் பிடித்தது, எந்தத் தேதியில், பிடித்தவர் யார், இவ்வளவுதான் அதில் இருக்கும். என்ன இனம் என்பதை நிபுணர் யாராவது பின்னால் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆனால் அது எங்கே, எப்போது பறந்துகொண்டிருந்தது என்பதைப் பூச்சியைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கால் உடைந்தால் பசை வைத்து ஒட்டுகிறோம், தலை விழுந்தால் அதைத் தனியாக ஒரு அட்டையில் ஒட்டி அதே ஊசியில் செருகுகிறோம். சீட்டுக்கு அப்படி ஒரு வைத்தியமும் கிடையாது.

இந்தத் தாளுக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பவர்களுக்கு நான் வழக்கமாகச் சொல்வது சான் பிரான்சிஸ்கோவின் ஜெர்சஸ் நீலம் என்ற சின்ன வண்ணத்துப்பூச்சியைப் பற்றி. அது வாழ்ந்த மணல்மேடுகளில் ஊர் வளர்ந்து, 1940களின் தொடக்கத்தில் அந்தப் பூச்சி அற்றுப்போனது. அது தனி இனம்தானா, இல்லை வேறொன்றின் கிளையா என்ற சந்தேகம் மட்டும் பல வருடம் ஓடிக்கொண்டே இருந்தது. சிகாகோவின் ஃபீல்டு அருங்காட்சியகத்தில் இருந்த, 93 வருடம் பழைய ஒரு மாதிரியின் (பாதுகாத்து வைத்த பூச்சியின்) உடலில் துளியூண்டு எடுத்து மரபணுவைப் படித்து, தனி இனம்தான் என்று 2021இல் வெளியிட்டார்கள். அந்த மாதிரியைப் பிடித்தவருக்கு டிஎன்ஏ என்ற பேச்சே தெரிந்திருக்காது, அவர் இடத்தையும் தேதியையும் ஒழுங்காக எழுதி வைத்திருந்தார், அவ்வளவே.

ஜெர்மனியின் கிரேஃபெல்டு ஊரில் இருக்கும் பூச்சியியல் சங்கத்துக்காரர்கள் பாதுகாக்கப்பட்ட 63 இடங்களில் கூடாரம் மாதிரியான வலைப்பொறி வைத்து, விழுந்ததையெல்லாம் எரிசாராயப் பாட்டிலில் போட்டு வைத்தார்கள். 27 வருடத்தில் பறக்கும் பூச்சிகளின் மொத்த எடை முக்கால்வாசிக்கு மேல் குறைந்திருக்கிறது என்று 2017இல் அதை வைத்துத்தான் கணக்குச் சொல்ல முடிந்தது. பாட்டிலில் இடமும் தேதியும் இல்லாமலிருந்தால் அது வெறும் ஊறவைத்த பூச்சி.

சரி, வீட்டில் இப்படி ஒரு பெட்டி இருப்பவர்கள் என்ன செய்யலாம்? முதலில், எதையும் நகர்த்துவதற்கு முன்னால் மேலிருந்து போட்டோ எடுத்துவிடுங்கள். சீட்டு அழுக்காக இருந்தாலும், எழுத்து புரியாவிட்டாலும், தப்பு என்று உங்களுக்கே தோன்றினாலும் அதை மாற்ற வேண்டாம். புதிதாகத் தெரிந்ததைத் தனிச்சீட்டில் எழுதி அடியில் சேருங்கள், பழையது பழையபடியே இருக்கட்டும். கையுறை போடாமல் தொடாதீர்கள், இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம், பழைய காலத்தில் ஆர்செனிக்கும் பாதரச குளோரைடும் போட்டுத்தான் பல சேகரிப்புகளைக் காப்பாற்றி வைத்தார்கள், அந்த விஷம் இன்னும் அப்படியே இருக்கும்.

அடுத்தது பெட்டிக்குள் இருக்கும் திருடன். ஒரு இழுப்பறையைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது பூச்சியை இல்லை, பூச்சிக்கு நேர் கீழே இருக்கும் வெள்ளைத் தாளை. அங்கே மிளகாய்த்தூள் மாதிரி பழுப்பாகப் பொடி கொட்டிக் கிடந்தால் ஆந்த்ரீனஸ் வண்டு உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். வளர்ந்த வண்டு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், அது பூவுக்குப் போய்விடும். தின்பதெல்லாம் அதன் புழு, உடம்பு முழுக்க மயிரோடு பழுப்பு வரி போட்டிருக்கும். ஊசியில் குத்தி வைத்த ஒரு வண்டை உள்ளிருந்தே தின்று, ஓடு மட்டும் முழுசாக நிற்கிற மாதிரி விட்டுவிடும், லேசாகத் தட்டினால் பொலபொலவென்று உதிரும். சில இழுப்பறைகளில் வெறும் ஊசியும் சீட்டும் மட்டும் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அப்போதும் அந்தச் சீட்டை நாங்கள் எறிவதில்லை, இன்ன இடத்தில் இன்ன நாளில் யாரோ ஒருவர் ஒன்றைப் பிடித்தார் என்பதற்கு அதுவாவது இருக்கிறதே.

இதற்குப் பலரும் கைவைத்தியமாகப் போடுவது பாச்சை உருண்டை. வேண்டாம். அது வண்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், உள்ளே இருக்கும் புழுவைக் கொல்வது கடினம், அதன் ஆவியோ மனிதருக்குப் புற்றுநோய் வரவழைக்கக்கூடியவற்றின் பட்டியலில் இருக்கிறது. பெட்டியை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 20 டிகிரி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடக்கூடாது, அறைச்சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் அப்படியே விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் கோத்துப் பூஞ்சை பிடிக்கும்.

சிலந்தி, தேள், பூரான், மரவட்டை இதெல்லாம் வேறு கதை. ஊசியில் குத்திக் காயவைத்தால் சிலந்தியின் வயிறு சுருங்கி ஒன்றும் தெரியாமல் போய்விடும், அதனால் 70 முதல் 80 சதவீத எரிசாராயத்தில்தான் இவற்றை வைப்போம். இங்கேதான் மாணவர்கள் அடிக்கடி கோட்டைவிடுகிறார்கள். சீட்டைப் புட்டிக்கு வெளியே ஒட்டுவார்கள், பசை காய்ந்து நாலு வருடத்தில் விழுந்துவிடும். பால்பாயிண்ட் பேனாவில் எழுதி உள்ளே போட்டால் மை கரைந்து வெள்ளைத் தாள்தான் மிதக்கும். பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள், பென்சில் கரி சாராயத்தில் கரையாது. மாதத்தை ரோமன் எண்ணில் எழுதிப் பழகுங்கள், 5/6 என்று எழுதினால் மேயா ஜூனா என்று ஐம்பது வருடம் கழித்துப் படிப்பவருக்குத் தெரியப் போவதில்லை.

ரியோ டி ஜெனிரோவின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2ஆம் தேதி இரவு எரிந்தபோது கிட்டத்தட்ட 50 லட்சம் மாதிரிகள் இருந்த பூச்சிச் சேகரிப்பு பெரும்பாலும் சாம்பலாகிவிட்டது. அன்றிலிருந்து எங்கள் பிரிவில் ஒரு பழக்கம், புதிதாக ஒரு பெட்டி வந்தால் பூச்சியோடு சேர்த்து ஒவ்வொரு சீட்டையும் படம் பிடித்து, படத்தை வேறு கட்டடத்திலும் வைத்துவிடுகிறோம். மெதுவான வேலை, ஒரு நாளைக்கு ஒரு இழுப்பறை முடிந்தால் பெரிது.

அந்த மரப்பெட்டிக்காரரிடம், அப்பா நோட்டு எதுவும் வைத்திருந்தாரா என்று கேட்டேன். பரணில் தேடிப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். பெட்டியை ஃப்ரீசரிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்தபோது, மூலையில் இருந்த ஒரு தும்பியின் ஊசியடியில், தக்கையோடு ஒட்டிப்போய் ஒரே ஒரு சீட்டு மிச்சமிருந்தது. அந்தத் தும்பிக்கு மட்டும் எண் போட்டுப் பதிவேட்டில் சேர்த்திருக்கிறோம். மற்றவை தனி அலமாரியில், நோட்டு வரும்வரை இருக்கின்றன.