உப்பளப் பாசியில் ஹேசனைட் விளையுமா?

"தூத்துக்குடி முள்ளக்காட்டுப் பக்கம் உப்பளத்து முதல் பாத்திகளில், அடியில் தோல்போலப் பாசி படர்ந்து கிடக்கிறது. மோனோ ஏரியில் நுண்ணுயிர்களால் உண்டானது என்கிறார்களே, அந்த ஹேசனைட் கனிமம் இதிலும் கிடைக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். கேள்வி நியாயமானதுதான். வெயில், உப்பு, மக்னீசியம், பொட்டாசியம், பாசி எல்லாமே தூத்துக்குடிக் கரையில் தாராளம். ஆனாலும் கிடைக்காது. குறுக்கே நிற்பது கால்சியம்.

ஹேசனைட்டின் வாய்பாடு: பொட்டாசியம் 1, சோடியம் 1, மக்னீசியம் 2, பாஸ்பேட் 2, நீர் மூலக்கூறு 14. அணு எடைகளைக் கூட்டிப் பாருங்கள், எடையில் சுமார் 46 சதவீதம் வெறும் தண்ணீர். கலிபோர்னியாவின் மோனோ ஏரியில், சுண்ணாம்புக் கல்மேல் காய்ந்து மட்கிய நீலப்பச்சைப் பாசியில், அரை மில்லிமீட்டர்கூட இல்லாத நிறமற்ற படிகங்களாக அகப்பட்டது. ஹெக்ஸியோங் யாங், ஹென்றி சன் முதலியோர் 2011-இல் இதை விவரித்து எழுதினார்கள். பெயர், கனிமங்கள் உருவானதில் உயிர்களின் பங்கை ஆராய்ந்த ராபர்ட் ஹேசனுடையது.

இனி கால்சியம். நீர் வற்றும்போது முதலில் படிவது கால்சியம் கார்பனேட். ஒரு கால்சியத்துக்கு இரண்டு பைகார்பனேட் செலவாகும். ஒரு பாக்குக்கு இரண்டு வெற்றிலை என்று மடிப்பதைப் போல. எது குறைவோ அது முதலில் தீரும், மற்றது தட்டில் மிஞ்சும். ஒரு கிலோ கடல்நீரில் கால்சியம் சுமார் 10 மில்லிமோல் (துகள்களின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு), பைகார்பனேட் சுமார் 2 தான். ஆகவே ஒரே ஒரு மில்லிமோல் கால்சியம் போனதும் பைகார்பனேட் தீர்ந்துவிடுகிறது. மிச்சம் 9. அதுதான் சல்பேட்டைப் பிடித்துக்கொண்டு பாத்தியில் ஜிப்சமாக இறுகுகிறது. 25 டிகிரி பாமேயில் (பாமே என்பது உப்புநீரின் அடர்த்தி அளவு) உப்பு விழத் தொடங்குமுன்பே அதில் பெரும்பகுதி படிந்துவிடும். இத்தனை கால்சியம் இருக்கும் நீரில் பாஸ்பேட் சேர வழியில்லை. சேர்ந்தாலும் கால்சியம் பாஸ்பேட்டாகிக் கீழே போய்விடும்.

மோனோவில் கணக்கு தலைகீழ். சியேரா நெவாடா மலை ஓடைகள் கொண்டுவரும் நீரில் பைகார்பனேட்டின் கை ஓங்கியிருக்கிறது. ஏரிக்கு வடிகால் கிடையாது. (புன்னைக்காயலில் கடல் சேரும் தாமிரபரணிக்கு இந்தச் சிக்கலே இல்லை.) வற்ற வற்றக் கால்சியம் ஏறக்குறைய முழுவதும் சுண்ணாம்பாகப் படிந்துவிட, கார்பனேட் மிஞ்சி நீரின் காரத்தன்மையைக் காட்டும் பி.எச். 10-ஐ நெருங்குகிறது. பிடித்து இழுக்கக் கால்சியம் இல்லாததால் பாஸ்பேட் கரைந்தபடியே நிற்கிறது, கடலின் மேல்மட்ட நீரில் இருப்பதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு.

பாசிக்கு வேலை இதற்கு மேல்தான். இவ்வகை உயிர்கள் கிடைத்த பாஸ்பேட்டைச் சங்கிலியாகக் கோத்து, பாலிபாஸ்பேட் மணிகளாகச் செல்லுக்குள் பதுக்கிவைக்கும். சங்கிலி எதிர்மின் தன்மை கொண்டது. அதைச் சமன்செய்ய மக்னீசியமும் பொட்டாசியமும் ஒட்டிக்கொள்ளும். அதாவது ஹேசனைட்டுக்கு வேண்டிய சரக்கில் சோடியமும் நீரும் தவிர மற்றவை ஒரே மூட்டைக்குள். கரையொதுங்கிய பாசி செத்ததும் சங்கிலி அறுந்து தனித்தனிப் பாஸ்பேட் ஆகிறது. சுற்றியுள்ள வழவழப்பான கோழை அதைச் சட்டென்று கலைந்துபோக விடாது. சோடியத்தை ஏரி தருகிறது. காரநீரில் பாஸ்பேட் தன் ஹைட்ரஜனை எளிதில் விடும். ஒவ்வொரு மக்னீசியமும் ஆறு நீர் மூலக்கூறுகளைச் சுற்றிலும் நிறுத்திக்கொண்டு பாஸ்பேட்டோடு அடுக்காகும். 14 நீரில் 12 இப்படியே போய்விடுகிறது. படிகம் கிடைத்தது செத்த பாசியில் என்பதை நினைவில் வையுங்கள். சிப்பி ஓடு கட்டுவதுபோலப் பாசி இதைத் திட்டமிட்டுக் கட்டுவதில்லை.

இதன் நெருங்கிய உறவு ஸ்ட்ரூவைட். பொட்டாசியம், சோடியத்துக்குப் பதில் அம்மோனியம். கிருமித்தொற்றால் சிறுநீரகத்தில் வளரும் கல்லில் இருப்பது அதுதான். வாழைத்தண்டுச் சாறு எந்தக் கல்லையும் கரைக்கும் என்று நம்பி இதை விட்டுவைப்பவர்கள், கல்லை அகற்றித் தொற்றுக்கும் மருந்து எடுக்காதவரை தொல்லை தீராது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் நாட்டில் தேடுவதென்றால் மகாராஷ்டிரத்தின் லோனார் ஏரி பொருத்தமான இடம்: வடிகாலில்லாப் பள்ளம், காரநீர், ஏராளமான பாசி. ரயில் செலவும், படிகம் எது என்று அடையாளம் காட்டும் எக்ஸ்-கதிர் விளிம்புவிளைவுக் கருவியில் சில மணி நேரமும் போதும். இந்தச் சில்லறைக்கும் நிதி இல்லை என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால் அதை நான் ஏற்கமாட்டேன்.

போகிறவர்கள் கரையில் முழுக்கக் காய்ந்த பாசியைக் கல்லோடு பெயர்த்தெடுங்கள். தண்ணீரில் அலசாதீர்கள், உப்போடு தேடுவதும் கரைந்து போகலாம். மண் போக ஆல்கஹால் போதும். அடுப்பில் உலர்த்தவும் கூடாது. ஸ்ட்ரூவைட் 55 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே நீரை இழந்து குலையத் தொடங்கும், இதற்கும் அதே எச்சரிக்கை. நிழலில் உலர்த்தி, மூடிய குப்பியில் வையுங்கள். மொத்தமாகப் பொடித்துக் கருவியில் வைத்தால் சாப்பாட்டு உப்பும் சோடா உப்பும் காட்டும் கோடுகளில் மற்றது அமுங்கிவிடும். நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனையால் படிகங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கித்தான் ஆகவேண்டும்.